மரகதத்துக்குக் கொடுக்காத கொயினா

இந்தத் தேசத்தில் பொழுது விடிகிற நேரத்தில் முந்நூறு பேர் வரிசையாக நின்று ஒரு மனிதருக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் காலைக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர் தகரக் குவளையில் குளிர்காய்ச்சலைத் தடுக்கும் கொயினாத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். குடித்தவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விழுங்கியாயிற்று என்று காட்டிவிட்டுப் போகவேண்டும். காட்டாவிட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். அவ்வளவு கசப்பு. நான் அந்தத் தோட்டத்துக் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை பார்ப்பவன். பெரட்டில் டிரஸருக்குப் பக்கத்தில் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை. வந்த புதிதில், தினமும் முந்நூறு நாக்கைத் தரிசனம் செய்கிறேன் என்று அண்ணனுக்கு வேடிக்கையாக எழுதினேன். அவர் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டியதாகப் பதில் வந்தது.

ஐரோப்பாச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். மெட்ரிகுலேஷன் வரை படித்தவனுக்கு மாயவரத்தில் கிடைக்காத உத்தியோகம் மலாய் தேசத்து ஜோகூரில் கிடைத்தது. எங்கள் தோட்டம் கெலாங் பாத்தாவிலிருந்து ஆற்றோடு உள்ளே போகிற வழியில் இருக்கிறது. காட்டை வெட்டி மரம் நட்ட இடம். வெட்டிய பிறகு வெயில் பட்ட ஓடைகளில் கொசு பெருகியது. கொசுவோடு குளிர்காய்ச்சல். கூலி ஜனங்கள் லயங்களில், பள்ளத்தில், வரிசை வீடுகளில் இருந்தார்கள். எனக்கு மேட்டின்மேல் பலகை வீடு, ஜன்னலுக்குக் கம்பி வலை. கிராணி வீட்டுக்காரர்கள் பெரட்டில் நின்று நாக்கை நீட்டவேண்டியதில்லை. எங்களுக்குரிய கொயினா புட்டியில் வீட்டுக்கு வரும். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைப்பானேன். காய்ச்சல் லயத்துக்காரர்களுடையது என்று என் மனசுக்குள் எங்கோ எழுதிவைத்திருந்தேன்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மரகதம், ஏழு வயசு. இளையவள் தையல்நாயகிக்கு அப்போது இரண்டரை. டிரஸர் அவளுக்கு இனிப்புக் கலந்த வேறு மருந்து கொடுத்திருந்தார், அதை அவள் சப்புக்கொட்டிக் குடிப்பாள். மரகதத்துக்குத்தான் கசப்பு. தினம் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கரண்டியில் ஊற்றிக் கொடுப்பேன். அவள் அழுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அப்பா, காதுக்குள்ள வண்டு பூந்துடுச்சு, போகவே மாட்டேங்குது" என்றாள். கொயினா குடித்தால் காது இரைவது எல்லாருக்கும் உள்ளதுதான். லயத்து ஜனங்கள் அதைச் சொன்னபோது, "அது ஒன்னும் பண்ணாது, குடி" என்று அதட்டினவன் நான். என் பெண் சொன்னபோது, இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம் என்று கரண்டியில் இருந்ததை வாசல் செம்பருத்திக்கு ஊற்றினேன். என் மனைவி அலமேலு பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் மரகதம் கரண்டியைப் பார்த்ததும் காதைப் பொத்தினாள். மறுநாளும் ஊற்றினேன். ஒரு மாதம் செம்பருத்திதான் குடித்தது.

அவள் காய்ச்சலில் விழுந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டிலேயே இருந்த டிரஸர், எல்லாம் முடிந்த பிறகு குழம்பிப்போய்க் கேட்டார்: "தினமும் கொயினா குடுத்தீங்கதானே, கிராணியாரே?"

"குடுத்தேன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. அலமேலு தலையை நிமிர்த்தவில்லை. ஊருக்கும் அப்படியே எழுதினேன். மனிதனால் ஆகக்கூடியதெல்லாம் செய்தோம், விதி என்று. அந்தப் பொய் எங்கள் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன். அது மேட்டைவிட்டு இறங்கி லயத்துக்குப் போனது. கிராணி வீட்டுப் பிள்ளை நாள் தவறாமல் கொயினா குடித்ததாம், அதுவே பிழைக்கவில்லையாம். பிறகு நமக்கு எதற்கு அந்தக் கசப்பு என்று லயத்துத் தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் பெரட்டில் தப்ப முடியாது. பிள்ளைகளுக்கு, தாய்மார் வேலைக்குப் போகும்போது அவர்களை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் மருந்து கொடுப்பது வழக்கம். அம்மாக்கள் மருந்து நேரத்துக்குப் பிள்ளையை அங்கே விடாமல், முதுகில் கட்டிக்கொண்டே பால்மரம் வெட்டப் போனார்கள். இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குப் பாய் போதவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டு, உனக்குத்தான் அவர்கள் பாஷை வருமே, கூட்டம் போட்டுப் பேசு என்றார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் புத்தகம் பரிசு வாங்கினவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். "அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே" என்று ஆரம்பித்து, கொசு உற்பத்தியாகும் விதம், சர்க்கார் வைத்தியர்களின் அபிப்பிராயம், தாய்மார்களின் கடமை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். ஜனங்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களைப் போல, எப்போது விடும் என்று நின்றார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கலைந்து போகும்போது ஒரு கிழவி, பெயர் மாரியாயி, என் காதுபடச் சொன்னாள்: "வாரா வாரம் அரிசி அளப்பாரு. இந்த வாரம் பேச்சும் சேத்து அளந்துட்டாரு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் அறியாமையின்மேல் வந்த கோபம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு. ஸ்டோர் வாசலில் வாரத்து அரிசி அளந்து போடும் நாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சாக்கோடு நிற்பார்கள். அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரியின் முறை வந்தது. அவள் இடுப்பில் மூன்று வயசுப் பெண், பூவாயி. தலை தாயின் தோளில் துவண்டு கிடந்தது. கண் பாதி மூடி, உதடு காய்ந்து, மரகதம் முதல் நாள் இருந்தமாதிரியே இருந்தது. மரக்கால் என் கையில் நின்றுவிட்டது.

"புள்ளைய டிரஸர்கிட்ட தூக்கிட்டுப் போ, அஞ்சல. அரிசி எங்க போயிடும்" என்றேன்.

"அங்க போனா அந்தக் கசப்பத்தாங்க ஊத்துவாரு."

"ஊத்தட்டும்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். என்னை நோகடிக்கக்கூடாது என்று தயங்கினாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாக, "உங்க பாப்பாவுக்கு ஊத்தாததுங்களா, கிராணி ஐயா?" என்றாள்.

பரிகாசம் இல்லை அதில். என்னோடு சேர்ந்து துக்கப்பட்டுத்தான் கேட்டாள். என் பொய்யை அவள் தன் பிள்ளையின் உயிருக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

"எம் பொண்ணுக்கு நான் கொயினா குடுக்கல, அஞ்சல" என்றேன்.

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். நான் பெருமக்களே என்று கூப்பிடவில்லை. காதில் வண்டு என்று அவள் அழுததைச் சொன்னேன். செம்பருத்திச் செடியைச் சொன்னேன். டிரஸரிடம் குடுத்தேன் என்று சொன்னதைச் சொன்னேன். முடித்ததும் கேள்விகள் வந்தன. போன வாரம் ஒன்றுகூட வராத கேள்விகள்.

"எத்தினி நாளு ஊத்துனீங்க செடிக்கு?"

"ஒரு மாசம்."

"வீட்டு அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"காது சத்தம் எம்புள்ளையும் சொல்லுதுங்க. அது அப்பறம் நின்னுடுமா?"

"நின்னுடும். எனக்கு நின்னுச்சு. நானும் குடிக்கிறவன்தானே."

"அப்ப புட்டி மருந்துல கோளாறு இல்லையா?" என்று மாரியாயி கேட்டாள்.

"இல்ல ஆயா. கோளாறு எங்கிட்டதான்."

ஒவ்வொருத்தியும் கேட்டது என் வீட்டு விஷயம் மாதிரி இருந்தாலும், அவரவர் வீட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பயத்தைத்தான் கேட்டார்கள் என்று பிறகு புரிந்தது. போன வாரம் நான் பயமே இல்லாத மனிதனாக நின்று பேசினேன். அப்படிப்பட்டவனிடம் என்ன கேட்பது?

யாராவது எனக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். அஞ்சலை மட்டும் ஒன்றும் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு மாசமா உங்கள நம்பித்தாங்க இதுக்குக் குடுக்காம வெச்சிருந்தேன். படிச்சவரு பொய் சொல்லமாட்டாருன்னு."

மரக்கால் இன்னும் என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"மரக்கால கீழ போடுங்க. வாங்க. நீங்களே வந்து புடிங்க."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். ஆஸ்பத்திரியில் டிரஸர் பூவாயியின் இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. மருந்தைக் கலக்கிக்கொண்டே, "மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, அந்தத் தடவ வந்த புட்டி அத்தனையும் கொட்டிட்டேன், கிராணியாரே. எங் கையில இருக்கறதுமேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு" என்றார். பிறகு குவளையை நீட்டி, "கெட்டியாப் புடிங்க, திமிறும்" என்றார்.

பூவாயி திமிறினாள். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. என் கட்டைவிரலைக் கடித்தாள். அம்மா அம்மா என்று கத்தினாள். அஞ்சலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "வுடாதீங்க" என்றாள். நான் விடவில்லை. கசப்பு உள்ளே இறங்கும்வரை அந்தச் சின்னத் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் வேலை. இவ்வளவுதான் நான் என் பெண்ணுக்குச் செய்யாமல் விட்டது.

பூவாயி பிழைத்துக்கொண்டாள். இப்போது லயத்துப் பக்கம் என்னைக் கண்டால் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறாள். தாய்மார்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள், எல்லாரும் இல்லை. கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி, கிராணி தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று சொல்லித் திரிகிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். அலமேலு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரார் முன்னால் சொன்னதற்காகக் கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது, "நானுந்தானே பக்கத்துல நின்னேன். அதையும் சொல்லியிருக்கலாம்ல. நீங்க மட்டுமா ஊத்துனீங்க?" என்றாள். ஆகவே இங்கே அதையும் எழுதுகிறேன்.

இன்னும் எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. ஆபீஸில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்குப் போய்த் தையலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு நாளில் ஐந்தாறு தடவை. அவள் விளையாட்டை நிறுத்தாமலே நெற்றியைக் காட்டிவிட்டு ஓடுகிறாள்.

போன வாரம் ஆற்று வழியாக மீன் கொண்டுவரும் மலாய்க்காரர் பா சாலே வீட்டுப் படியில் கூடையை இறக்கினார். தையலைப் பார்த்து, "அனாக் பெராப்பா, கிராணி?" என்று கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று. "டுவா" என்றேன், இரண்டு. தையலைக் காட்டி, ஒன்று இங்கே என்றேன். மற்றது என்று, அவளைப் புதைத்திருக்கும் ஒன்பதாம் நம்பர் மலைப்பக்கம் கையைக் காட்டினேன். அந்தத் திசையில்தான் கடலும் இருக்கிறது. இங்கே நம்மவர்களில் பலர் ஒரு பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆறுதலாகத் தலையை ஆட்டி, திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். முன்பு என்றால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவரும் மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இல்லை, இறந்துவிட்டாள், இந்த மண்ணில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உன்னை ஊருக்குத் திரும்பிப் போகிற ஆள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தப் பத்திரிகையை என் அண்ணன் ஒரு வரி விடாமல் படிப்பவர். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். தனியாகக் கடிதம் எழுத மூன்று தடவை உட்கார்ந்தும் கை வரவில்லை. மரகதம் ஊரைப் பார்த்ததில்லை. அவளுக்கு ஐந்து வயசானபோது ஜோகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் படம் பிடித்து, இருந்த ஒரே பிரதியை ஊருக்கு அனுப்பினோம். இப்போது அது கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது என்றும், அதன் அடியில் என் கடிதத்திலிருந்து, மனிதனால் ஆகக்கூடியதெல்லாம் செய்தோம் என்ற வரியை வெட்டி ஒட்டியிருக்கிறது என்றும் அண்ணன் எழுதியிருந்தார்.

அண்ணா, அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். படத்தை இங்கே அனுப்பவேண்டாம். அம்மாவுக்குப் பேத்தியின் முகம் அதில் மட்டும்தான் தெரியும். எங்களிடம் அவள் முகம் இல்லை. ஒன்பதாம் நம்பர் மலைச் சரிவில், கடைசி வரிசை மரங்களுக்குக் கீழே, முழு ஆள் நீளம்கூட இல்லாத ஒரு மேடு இருக்கிறது. ஞாயிறுதோறும் அலமேலு போய்ச் செதுக்கிவிட்டு வருகிறாள். இந்த ஊர் மழைக்கு அடுத்த ஞாயிறுக்குள் புல் மறுபடியும் முழங்கால் உயரம் வந்துவிடுகிறது.