ஆறு சக்கர எஞ்சினும் அகல வளைவும்

பணி ஓய்வுக்குப் பின் எனக்குப் பிடித்துப்போன வேலை, பொம்மை ரயில் எஞ்சின்களுக்கு வளைவு பார்ப்பது. முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் அறுபது வயதில் தரையில் குந்தி உட்கார்ந்து தகரத் தண்டவாளங்களைக் கோத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறொன்றில் இருக்கிறது.

எஞ்சின்கள் என்னுடையவை அல்ல. இரண்டு தெரு தள்ளித் தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்த அண்ணாச்சியுடையவை. அவருடைய அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்த, சாவி கொடுத்தால் ஓடும் பழைய எஞ்சின்கள். பெட்டியில் இரண்டு வகை வளைவுத் துண்டுகள் இருந்தன. எட்டுத் துண்டில் வட்டம் முடிந்துவிடும் குறுகல் வளைவு ஒன்று. பதினாறு துண்டு வேண்டிய அகல வளைவு மற்றொன்று. நாலு சக்கர எஞ்சின் எதிலும் ஓடும். பச்சை நிற ஆறு சக்கர எஞ்சின் குறுகலில் திரும்பாது. நீளம் அதிகம், நடுச்சக்கரம் இடிக்கும். எது எதற்கு ஒத்துவரும் என்று நூல் பிடித்து அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வருவார். கட்டிலைத் தள்ளிவிட்டு முன்னறை முழுக்க ஓட்டுவோம்.

கோடையெல்லாம் பச்சை எஞ்சின் அகல வளைவில் நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசி மழை பிடித்த பிறகு, ஜன்னலோரம் ஒரே இடத்தில் தடம் புரள ஆரம்பித்தது. அப்போது அண்ணாச்சி சிவகாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எஞ்சின் என்னிடம் இருந்தது. நான் மறுபடி அளந்தேன், மறுபடி கணக்குப் போட்டேன். நடுச்சக்கரங்களின் விளிம்புதான் தண்டவாளத்தில் உரசுகிறது என்று முடிவுக்கு வந்தேன். அரத்தை எடுத்து அந்த இரண்டு சக்கரங்களின் விளிம்பையும் ராவித் தள்ளினேன். யாரையும் கேட்கவில்லை.

சாவி கொடுத்து ஓட விட்டேன். அதே இடத்தில் புரண்டது.

அறையைக் கூட்ட வந்த என் மனைவி சொன்னாள்: “அங்கன தரை பொம்மிக்கிட்டு நிக்கி. விளக்குமாறு தட்டுது பாருங்க. மழை பெஞ்சா அடியில கரிசல் மண்ணு ஊறித் தரையத் தூக்கும், தையில அடங்கும். வருசா வருசம் நடக்கதுதான?”

“இத முதல்லயே சொன்னா என்ன?”

“நீங்க எங்க கேட்டிய? நோட்டத்தான கேட்டிய.”

தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, மேட்டுக்கு இருபுறமும் தண்டவாளத்துக்கு அடியில் செருகினேன். எஞ்சின் அழகாக ஓடியது. ராவியதற்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

திரும்பி வந்த அண்ணாச்சியிடம் தரையை மட்டும் சொன்னேன். விளிம்பைச் சொல்லவில்லை. சக்கரங்களை இணைக்கும் தண்டு மறைத்ததால் அவர் கண்ணிலும் படவில்லை. “எங்க சார் தரையில உள்ள மேடுபள்ளத்தயே கண்டுபிடிச்சிட்டாவ” என்று பஜாரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மனைவிக்குச் சேர வேண்டிய பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு தன் தங்கை மாப்பிள்ளையை அழைத்து வந்த அண்ணாச்சி, பச்சை எஞ்சினை அவர் கையில் கொடுத்து, “எங்கப்பா கப்பல்ல கொண்டாந்தது. சின்னப் பிள்ளையில எங்களத் தொடவே விடமாட்டாவ. இன்னைக்கும் அப்பிடியே இருக்கு பாத்தியளா” என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விருந்தாளி கிளம்பியதும் விளிம்பை ராவியதையும், மேட்டைக் கண்டது மனைவிதான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி எஞ்சினைக் கவிழ்த்து, நடுச்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எப்பம் செஞ்சிய?”

“நீங்க சிவகாசி போயிருந்தப்போ.”

“அப்பம், நான் ஊரெல்லாம் ஒங்களப் பெருமையாச் சொல்லிக்கிட்டு அலைஞ்சத கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியளா?”

“ஆமா, அண்ணாச்சி.”

ராவியதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. எஞ்சினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று ஞாயிறு வரவில்லை. “போயிப் பேசுங்க” என்றாள் மனைவி. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்தேன். நான்காவது ஞாயிறு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“தண்டவாளம் நீங்க போடுங்க. வளைவு பாக்கதுக்கு ஒங்கள விட்டா ஆளு கெடையாது” என்றார் அண்ணாச்சி. “ஆனா எஞ்சின நாந்தான் வப்பேன், நாந்தான் எடுப்பேன். நீங்க தொடப்பிடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

“ஒங்க வீட்டம்மாவும் தொடலாம். நீங்க கூடாது.”

அடுப்படியில் மனைவி சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

அதன்பிறகு அப்படித்தான் நடந்தது. சந்தோஷமான வருடங்கள்தான். புது வளைவுகள் கண்டேன். கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு போகும் எட்டு வடிவம் ஒன்றுகூடப் போட்டேன். ஒருநாள் மட்டும் பச்சை எஞ்சின் என் முழங்காலருகே புரண்டு, சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. என்னை அறியாமல் கை நீண்டது. அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மூட்டு வலியோடு எழுந்து, சுற்றி வந்து, அதை நிமிர்த்தித் தண்டவாளத்தில் வைக்கும்வரை காத்திருந்தேன்.