போர் தண்ணீரும் கிரேஸின் மின்முனையும்

கிரேஸின் ஊர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் அவள், தண்ணீரில் கலந்த குரோமியம் என்ற நச்சு உலோகத்தை மின்முனையால் கண்டுபிடிக்கும் சிறிய கருவியொன்றை உருவாக்கியிருந்தாள். ஆய்வகத்தில் அது அழகாக வேலை செய்தது.

போன மாதம் ஊரிலுள்ள தன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரில் மின்முனையை முக்கினாள். குரோமியம் இருப்பதுபோல் மின்னோட்டம் லேசாக எழுந்தது. அடுத்த முறை பாதியானது. பிறகு ஒன்றுமே இல்லை. தண்ணீரிலிருந்த வேறேதோ கழிவு மின்முனைமேல் படலமாக ஒட்டிக்கொண்டு, குரோமியத்தை அண்டவிடாமல் தடுத்தது. தேய்த்துக் கழுவினாள்; மறுபடியும் ஒட்டியது.

ஆறு மாதக் கர்ப்பிணியான அண்ணி ஹெலன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா சொல்லுது உன் மிஷினு? குடிக்கலாமா?"

"ஏதோ ஒட்டிக்கினு மறைக்குது அண்ணி. இருக்குதுன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. இப்போதைக்குக் குடிக்காதீங்க."

"தண்ணி லாரி வந்தா அத்த புடிக்கிறேன். வராத அன்னிக்கு இன்னா பண்றது, நீயே சொல்லு."

அன்றும் லாரி வரவில்லை. ஹெலன் போர் குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். குடம் நிரம்பியது. வயிற்றுப்பிள்ளைக்காரி தூக்கக் கூடாதென்று, கிரேஸே அந்தக் குடத்தைத் தூக்கிப்போய் அடுப்படியில் இறக்கினாள்.