ஆமென் அண்ணன் சொல்ல வந்தது

சனிக்கிழமை விடிந்ததும் ஆமென் அண்ணன் இறந்துபோனார். பத்து மணிக்குள் சபையில் பாதிப் பேர் போதகருக்கு போன் போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: கடைசியாக என்ன சொன்னார்? நல்ல மனிதர் என்றால் சாகும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும் என்று இந்த ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. போதகரும் ஒவ்வொருவரிடமும், சமாதானமாகப் போனார் என்று சொல்லி வைத்தார். அது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்திருந்தால்தானே தெரிய.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை அவருக்கு. காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வருவார். எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது. அந்தக் கையோடு நேராகப் போதகர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இரண்டு பேருமாக ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கும் போவார்கள். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போனார்கள். ஊழியர் என்ற பட்டமோ மேடையில் ஒரு நாற்காலியோ அண்ணனுக்குக் கிடையாது, அதைக் கேட்கிற ஆளும் இல்லை. பாட்டு சுத்தமாக வராது. அவர் வாயைத் திறந்தால் பாடகர் குழுவே தடம் மாறிவிடும். ஆனால் ஜெபத்தின் முடிவில் அவர் ஆமென் சொன்னால், கடைசி பெஞ்சில் தூங்குகிற ஆள்கூடத் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வார்டில் போதகர் தலைமாட்டில் நின்று வசனம் சொல்லி ஜெபிப்பார். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிவிடுவார். ஆமாம், நகம்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது, சோறு ஊட்ட ஆள் இருக்கிறது, நகத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார். அவர் வெட்டிக்கொண்டே இருக்க, நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். மகன் எட்டிப் பார்க்காதது, மருமகளின் வாய், இந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போவோமா மாட்டோமா என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பார்கள். பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல என்பார் அண்ணன். அவருக்குத் தெரிந்த பிரசங்கம் அவ்வளவுதான்.

போதகர் அப்படியில்லை. கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிற ஆள், அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு என்று கணக்கு வைத்திருப்பார். யாராவது பேச்சை நீட்டினால், பொறுமையாகக் கேட்கிற முகத்தோடேயே, "ஜெபம் பண்ணிடலாமா?" என்பார். அதற்கு யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா? வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஜெபம் முடிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அண்ணன் மட்டும் தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வார். சபையில் நாலு பேர் முன்னால் "ஐயா" என்று கூப்பிடுகிறவர், தனியாக இருந்தால் "தம்பி"தான். அந்த அம்மா இப்பத்தான் வாயைத் திறந்துச்சு, அதுக்குள்ள விசில் ஊதிட்டீங்களே தம்பி என்பார். பிரசங்கம் நீண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளில், வண்டி நல்லாத்தான் ஓடிச்சு, ஆனா ஒரு நிறுத்தத்துலயும் நிக்கலையே என்பார். வேறு யார் சொல்லியிருந்தாலும் போதகருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். அண்ணன் சொன்னால் சிரிப்புத்தான் வரும். உலகத்திலேயே போதகரைக் கிண்டல் செய்ய உரிமை இருந்த ஒரே ஆள் அவர்.

அந்த அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது கட்டி முற்றிப் போயிருந்தது. இத்தனை வருஷம் யார் யாரையோ பார்க்கப் போன அதே வார்டில் அவருக்கே ஒரு கட்டில் போட்டார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினார். என்ன விசுவாசம் பாருங்கள் என்று சபை மூக்கில் விரலை வைத்தது.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் போதகர் போனார். நாலு மணிக்குச் சபைக் கட்டடத்தின் கூரையை மாற்றுவது பற்றிக் கூட்டம். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உட்காருங்க" என்றார். போதகர் உட்காரவில்லை. சொல்லுங்கண்ணே, சொல்லுங்க என்றார் நின்றபடியே. அண்ணன் ஆரம்பிக்கத் திணறினார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கூரையைப் பார்த்தார். போதகரின் மனசு எங்கே இருந்ததோ, நாக்கு பழக்கத்துக்கு ஓடிவிட்டது.

"ஜெபம் பண்ணிடலாமாண்ணே?"

அண்ணன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் அருமையாகத்தான் இருந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனின் ஆமென் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போதகர் ஓடினார். கூட்டத்தில் தகரமா ஓடா என்று இரண்டு மணி நேரம் பேசி, ஒன்றும் முடிவாகாமல் கலைந்தார்கள்.

நாளை மறுநாள் என்பது சனிக்கிழமை. அண்ணன் அதுவரை இருக்கவில்லை.

அடக்கம் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு என்று முடிவானது. அண்ணனின் கடைசி வார்த்தைகளைச் செய்தியிலேயே வைத்துவிடுங்கள், ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றார் சபைச் செயலாளர். போதகரும் உட்கார்ந்து, மரணத்தைப் பார்த்துச் சிரித்த மனிதர் என்று தலைப்புப் போட்டு மூன்று பக்கம் எழுதினார். எழுத எழுதப் பேனா நின்று நின்று போனது. அண்ணன் என்ன சொல்ல வந்தார்? வீட்டு விஷயமா? தன்மேல் ஏதாவது மனத்தாங்கலா? இனி யாரைப் போய்க் கேட்பது?

அண்ணனின் மனைவியை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் பை ஒன்று அப்படியே கிடக்கிறது, எடுத்துவர முடியுமா என்று அண்ணி கேட்டதால் சனிக்கிழமை மத்தியானமே போதகர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். வார்டைத் துடைக்கப் புதிதாக வந்திருந்த அம்மா பையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெரியவருக்கு நீங்க சொந்தமா என்று கேட்டார். கூட வேலை செய்தவன் என்றார் போதகர்.

"கூட வர்ற தம்பின்னு சொன்னாரே, அது நீங்கதானா?" என்றார் அந்த அம்மா.

போதகர் அந்த வெறும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம். தரையைத் துடைத்துக்கொண்டு வந்தவரை அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துப் போனால், கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"பயமா இருக்கும்மான்னார். எத்தனை பேருகிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன், எனக்கு வந்ததும் கை காலெல்லாம் நடுங்குதுன்னார். இதை வீட்டுல சொல்ல முடியாது, சபையில சொல்ல முடியாது, தம்பிகிட்டதான் சொல்லலாம்னு இருந்தேன், அவருக்கு அவசர வேலை இருந்துச்சுன்னார்."

நீங்க என்னம்மா சொன்னீங்க என்று கேட்டார் போதகர்.

"நான் என்னத்தைய்யா சொல்றது? எனக்கு ஜெபமெல்லாம் தெரியாது. எனக்கும் சாவுன்னா பயம்தாங்க பெரியவரேன்னேன். அதுக்குச் சிரிச்சார் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. சாயங்காலம் வேலை முடியுற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி திட்டினார். திட்டட்டும்."

போதகர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வார்டில் பார்வையாளர் நேரம், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு தடவை. அதையும் ஜெபத்தால் அடைத்துவிட்டு வந்தோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்க இடமில்லை. பணிமனையிலிருந்து சீருடையோடேயே வந்திருந்தார்கள். போதகர் மூன்று பக்கத்தையும் பிரித்து வைத்தார். முதல் வரியைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டார்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னார்னு எல்லாரும் கேட்டீங்க" என்றார். "பயமா இருக்குன்னு சொன்னார். என்கிட்டதான் சொல்ல வந்தார். நான் உட்காரலை. ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பிட்டேன். வார்டைத் துடைக்கிற அம்மாகிட்ட சொன்னார். அவங்க உட்கார்ந்தாங்க. சமாதானமா போனார்னு நான் உங்ககிட்ட சொன்னது எனக்குத் தெரியாமச் சொன்னது."

மடித்த காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. விசுவாச வீரர் என்று நினைத்த மனிதரை இப்படிப் பேசிவிட்டாரே என்று இரண்டு பேர் வெளியே போய் முணுமுணுத்ததும் உண்மைதான்.

கல்லறையில் மண் போட்டு எல்லோரும் கலைகிறபோது அண்ணி அவரைக் கூப்பிட்டார். ஏசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று போதகர் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றார்.

"என்கிட்ட சொன்னா நான் ஒடிஞ்சு போயிடுவேன்னு பன்னிரண்டு நாளும் சிரிச்சுக்கிட்டே இருந்தார், பாஸ்டர்" என்றார் அண்ணி. "அது பொய்ச் சிரிப்புன்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. நான் கேட்டுட்டா அவர் ஒடிஞ்சு போயிடுவாரோன்னு நானும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அந்த அம்மாகிட்டயாவது ஒரு தடவை நிஜமா சிரிச்சாரா?"

"சிரிச்சாராம் அண்ணி. எனக்கும் பயம்தான்னு அவங்க சொன்னதும் நல்லாவே சிரிச்சாராம்."

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி வாய்விட்டு அழுதார். போதகர் அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.