அவள் பெயரைச் சொல்லி ஒரு வேண்டுதல்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்தே விரல்கள் மரத்துவிட்டன.

நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. எங்கள் கோயிலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். அது ஆங்கிலிக்கன் வழியில் வந்த சின்னக் கோயில். ஜெபங்கள் புத்தகத்தில் இருக்கும், எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். என் குரல் மற்றவர்கள் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

காரைக்காலில் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள்தான். நாங்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் பல வழிகளிலிருந்து வந்தவர்கள். பீடத்தில் மெழுகுவர்த்தி எரியும், வெள்ளை அங்கி போட்டு நற்கருணை கொடுப்பார்கள். பூசைபோலவே இருக்கும். அப்புறம் நீளமான பிரசங்கம். நடுவில் என் அண்ணனைப் போன்றவர்கள் எழுந்து, புத்தகமில்லாமல், கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். "ஒங்க கோயிலு கதம்பச் சோறுங்க, எல்லாக் காயும் கெடக்கு" என்பாள் என் மனைவி.

அவள் போலகத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு வந்தாள். ஆனால் நெற்றியில் சிலுவை போடுவதை விடவில்லை. அண்ணன் சீண்டுவார்.

"என்னம்மா, ஈ ஓட்டுறியா?"

"ஆமா மாமா. ஒங்க ஜெபம் முடியிறதுக்குள்ள ஈ மொய்ச்சிடுதே."

அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பார். அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர். போன வருஷம் அவள் வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான். தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஜெபிப்பார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் அண்ணன் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"எங்க வீட்ல செத்தவங்களுக்காக வேண்டிப்போம். பேரச் சொல்லி. நமக்குப் புள்ளயும் இல்ல. நான் போயிட்டா எனக்காக யாருங்க கேப்பா?"

"நான் கேக்குறேன்."

"நீங்களா? இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுன்னு கேக்கவே ஒங்களுக்கு வாய் வராது."

"கேப்பேன்னு சொல்றேன்ல."

"மனசுக்குள்ள கேக்கக்கூடாது. சத்தமா கேக்கணும். கல்லறத் திருநாள் அன்னிக்கு."

புரட்டாசி முடிவதற்குள் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாள் நெருங்கியபோது எங்கள் கோயில் குருவான ஆயரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எங்கள் சபையில் பெண்களும் குருவாகலாம். அவர் எனக்குப் பல வயது இளையவர். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, செத்தவங்களுக்காக வேண்டலாம்னு சொல்றவங்களும் நம்மள்ல இருக்காங்க, விசுவாசிச்சவங்க செத்ததுமே கரையேறிடுவாங்க, அப்புறம் வேண்டவே கூடாதுன்னு சொல்ற ஒங்க அண்ணன் மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. அதனாலதான் நான் பேரை மட்டும் வாசிச்சு, அவங்க வாழ்ந்ததுக்காக நன்றி சொல்றது. ரெண்டு பக்கமும் ஆமென் சொல்லலாம் பாருங்க. நீங்க மனசுல வேண்டிக்குங்க. யாரு தடுக்கப்போறா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இத்தனை விதமானவர்கள் ஒரே கூரைக்கு அடியில் இருப்பது இப்படி வார்த்தை பார்த்துப் பேசுவதால்தான். ஆனால் அவள் கேட்டது நன்றி இல்லையே.

திருநாள் அன்று கல்லறைத் தோட்டத்தில் கடல்காற்று. மணலில் நட்ட மெழுகுவர்த்திகள் ஏற்ற ஏற்ற அணைந்தன. அந்த நாளில் அங்கே கால் வைக்காத அண்ணன் எனக்காக வந்திருந்தார். மெழுகுவர்த்தி வாங்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆயரம்மா பெயர்களை வாசித்து நன்றி சொன்னார். அண்ணனும் ஆமென் சொன்னார்.

பிறகு நான் வாய் திறந்தேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் பெயரைச் சொன்னேன். "ஆண்டவரே, இவ பாவத்த மன்னிச்சு இவளுக்கு எளப்பாறுதல் குடுங்க." சத்தம் போதவில்லையோ என்று பயந்து மறுபடியும் சொன்னேன்.

வாசலுக்குப் போகும்போது அண்ணன் கேட்டார்.

"அப்ப அவ கரையேறலன்னு நெனைக்கிறியாடா?"

"அப்படி இல்லண்ணே..."

"அவ தலமாட்டுல ஒக்காந்து ஜெபிச்சு நாந்தானே அனுப்பி வச்சேன். அது போதலயா ஒனக்கு?"

எனக்கு வாய் வந்திருந்தால் சொல்லியிருப்பேன், உங்கள் ஜெபத்தைச் சந்தேகப்பட்டு இல்லை அண்ணே, அவள் பயந்துகொண்டு போனாள், அதற்காக என்று. அவர் பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. வேறு ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறார். ஆயரம்மா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் பயனில்லை. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் "சாப்ட்டியா" என்கிறார். "ம்" என்கிறேன். அதோடு சரி.

இன்று மறுபடியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளுக்காகச் சத்தமாகவே வேண்டினேன். இந்தத் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. முடித்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். உயிரோடு இருக்கிறவர்களுக்காக வேண்டுவதில் எங்கள் கோயிலில் எந்தப் பக்கத்துக்கும் மறுப்பில்லை. அண்ணன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

காரைக்கால்,
நவம்பர் 2.