சீசாவில் மாப்பிள்ளை

அப்பா. அம்மா. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை. ஆறு வயதில் நான். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை. அவருடைய அம்மா. விசிலோடு வாட்ச்மேன். மயிலாப்பூர்ப் பூங்காவில் அன்று சாயங்காலம் இருந்தவர்கள் இவ்வளவுதான். சுற்றிச் சுற்றி நடந்தவர்களைச் சேர்க்கவில்லை.

அதற்கு முன் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். சந்து முழுக்க விசாரித்தது. இதுவும் தட்டிப்போனால் அவள் வெளியே தலைகாட்ட முடியாது என்றாள் அம்மா. அதனால் அப்பா பூங்காவில் ஏற்பாடு செய்தார். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்க வேண்டும். குழந்தையை விளையாடக் கூட்டிவந்தோம் என்று பேச்சு. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. விளையாடினேன்.

சீசா பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தேன். எதிர் முனைக்கு ஆள் இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நல்ல பேர் வாங்க நினைத்திருப்பார், வந்து உட்கார்ந்தார். நான் மேலே போய் மாட்டிக்கொண்டு அழுதேன். அத்தை வந்து என் முனையை இழுத்து, எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவள். மாப்பிள்ளை ஒல்லி. மேலே போனார். அங்கேயே நின்றார்.

"குடிப்பியா?" என்றாள் அத்தை.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"அங்க பாக்காத. நான் இங்க கீறேன்."

"ஞாயித்துக்கெயம ஒரு பீரு."

"மத்த நாளு?"

"இல்ல."

"மீனு கழுவுவியா?"

"கழுவுவேன். கொழம்பு வெக்க வராது."

"கல்யாணத்துக்கு அப்பாலயும் நான் மில்லுக்குப் போவேன். ஒத்துப்பியா?"

"போ. மொதல்ல எறக்கி வுடு."

அப்பா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தா எம் புள்ளயத் தொங்க வுட்டுக்கினு கீறீங்க" என்றாள். தற்செயல் அத்தோடு போயிற்று.

வாட்ச்மேன் விசில் ஊதினார். "பன்னெண்டு வயசுக்கு மேல ஏறக் கூடாது. போர்டு கீதுல்ல."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கீதுண்ணா" என்ற அத்தை, மேலே பார்த்தாள். "கோவம் வந்தா கை நீட்டுவியா?"

"ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிக்கினு கீறேன். எப்டி நீட்டறது?"

அத்தை சிரித்துவிட்டாள். காலை ஊன்றி, முட்டைக் கூடையை இறக்குவது போல அவரை இறக்கினாள்.

தை மாதம் கல்யாணம். அவரைப் பிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிற்பாடு கேட்டேன்.

"டக்குனு எய்ந்திருப்பேன்" என்றாள்.

அன்று எனக்குக் கோபம்தான். அவ்வளவு நேரம் உட்கார்ந்தும் பலகை ஒரு தரம்கூட ஆடவில்லை. பெரியவர்களுக்கு விளையாடத் தெரியாது என்று நினைத்தேன். விஷயம் விளங்கிய பிறகும், பெண் பார்க்கிற அன்று பெண்தான் கேள்வி கேட்பாள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

என்னைப் பார்க்க வந்தபோது காபித் தட்டோடு நின்றேன். கேள்வியெல்லாம் அவர்களே கேட்டார்கள். எண்ணினேன். பதினொன்று.