குடியிருக்கிறார்

அந்த அரசாணை வந்த உறையைப் பிரித்தவள் நான்தான். திருவாரூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் எனக்கு அப்போது தபால் பிரிவில் வேலை. மிராசுதாரின் இடத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையை எழுதித்தரும் அதிகாரம் அதுவரை சென்னையில் இருந்தது. இனி அது தாசில்தாருக்கே என்றது ஆணை. வாசித்துக் காட்டினேன். எங்கள் தாசில்தார் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே சென்னைக்கு எழுதியிருக்கேன்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

நல்ல மனிதர். மனுவோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "சென்னைக்கு எழுதியிருக்கேன், வந்துடும்" என்பார். பொய்யில்லை. கோப்புகள் உண்மையிலேயே போயின; திரும்பித்தான் வரவில்லை. மிராசுதார்களுக்கும் அதே பதில்தான். கூலித் தகராறில் ஊர்கள் இரண்டுபட்டுக் கிடந்த அந்த வருஷங்களில் எவருடைய பகையும் இல்லாமல் அவர் காலம் தள்ளியது அப்படித்தான்.

முதல் மனு ஒரு விதவையுடையது. நடவுக்குப் போகிறவர். கூலி உயர்த்திக் கேட்டுச் சங்கத்தில் சேர்ந்ததற்காக மிராசுதார் அவரை மனையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மனையிலேயே நேரில் விசாரணை என்று இரு தரப்புக்கும் நோட்டீஸ் போனது. அதற்கு முந்தின நாள் மிராசுதார் ஆபீஸுக்கே வந்தார். சத்தம் போடவில்லை.

"சென்னையில இருந்தவரைக்கும் நமக்குள்ள சங்கடமே இல்ல சார். இப்பவும் விளக்கம் கேட்டு மேல எழுதிப் போடுங்க. யாரு கேக்கப்போறா?"

அவர் போனபின் தாசில்தார் என்னை அப்படியொரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். செய்தேன். கையெழுத்துப் போடாமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சர்வேயரோடு ஜீப்பில் போனோம்; குறிப்பெடுக்க என்னையும் கூட்டிக்கொண்டார். குடிசை இல்லை. கீற்றும் மூங்கிலும் வாய்க்கால் கரையில் குவிந்து கிடந்தன. "இங்க யாருமே குடியிருந்ததில்லீங்களே" என்றார் மிராசுதாரின் காரியஸ்தர். வெட்டவெளியில், மண் அடுப்பில் அந்த அம்மாள் உலை வைத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார், அழவில்லை.

"காலையிலதான் பிரிச்சாங்க ஐயா. கஞ்சி காய்ச்ச நான் வேற எங்க போவேன்?"

தாசில்தார் அந்த அடுப்பருகே போய்ப் பார்த்தார். பிறகு சர்வேயரை அளக்கச் சொன்னார். அடுப்பு, அம்மி, சாணம் மெழுகிய தரை, மூங்கில் நட்டிருந்த குழிகள் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசி வரியில் 'குடியிருந்தார்' என்று எழுதியிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"அப்படி எழுதாதேம்மா. 'குடியிருக்கிறார்'னு எழுது."

அடித்துத் திருத்தினேன். மனை அந்த அம்மாளுக்கே என்று கீழே ஒரு வரி சேர்த்து, ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். மை காயுமுன் தாள் காற்றில் பறந்துவிடாமல் அந்த அம்மாள் ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

மிராசுதார் மேல்முறையீடு செய்தார், எடுபடவில்லை. இரண்டே மாதத்தில் தாசில்தாருக்கு வெகுதூரத்து மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது, சென்னையிலிருந்து. மாற்றல் போடும் அதிகாரத்தை மட்டும் யாரும் கீழே இறக்கிவைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றபின் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். "அன்னிக்கு பயமா இல்லியா சார்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போனதும் காய்ச்சலே வந்துடுச்சும்மா" என்று சிரித்தார்.

பிறகு நானும் தாசில்தார் ஆனேன். என் கையெழுத்தே போதும் என்று தெரிந்தும் விளக்கம் கேட்டு மேலே அனுப்பிய கோப்புகள் எனக்கும் உண்டு. அவற்றில் ஒன்றுக்குரிய மனுதாரர் இரண்டு வருஷம் ஆபீஸுக்கு நடந்தார். பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவும் இல்லை.