புள்ளி ஆமைக்காகப் பூட்டிய கிணறு

ஓர் ஆமைக்காகக் குடிதண்ணீர்க் கிணற்றையே பூட்டிய பெருமை, இலங்கையில் பசறைப் பக்கம் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தேயிலைத் தோட்டத்துக்குத்தான் உண்டு.

கிணற்றில் புழுபூச்சி சேராமலிருக்க ஒரு கல்லாமையை விட்டு வைப்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கம். கறுப்பு ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று மேடு. குளம், வாய்க்கால் எங்கும் கிடக்கிற சாதிதான். வெள்ளிக்கிழமை பெண்கள் அதன் மேடுகளில் மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். அதுவும் கிணற்றுப் படிக்கல்லில் வெயில் காய்ந்தபடி மரியாதையை வாங்கிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை தோட்டத்துத் துரை அதைப் பார்த்துவிட்டார். பயந்துவிடும் என்று தள்ளி நின்றே படப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கணக்கப்பிள்ளை! பொஸ்தகத்துல எல்லாம் கறுப்பு. இதுக்கு மஞ்சக் கோடு, செவப்புப் புள்ளி. புதுச் சாதி! ஒருத்தரும் கிணத்துக்கிட்ட போகக் கூடாது!"

வேலி, பூட்டு, காவல். பெண்கள் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கினார்கள். சுமந்து ஏறுவதற்குள் காலையில் ஆளெண்ணும் பெரட்டு முடிந்துவிடும். பிந்தி வந்தவளுக்கு அரைநாள் பேர்தான், அரைச் சம்பளம்தான். பேர் போடுவதும் நான், ஏச்சு வாங்குவதும் நான்.

"ஐயா, அது நாங்க பூசுன மஞ்சன்னு தொரைகிட்டச் சொல்லுங்களேன்," என்றாள் கங்காணி பெண்சாதி காளியம்மா.

"நீயே சொல்லு தாயி. பதுளை தொரைமார் கிளப்புல ஆமைக்குத் தன் பேரையே வச்சிட்டு வந்திருக்காரு. நான் சொன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

மஞ்சள் தண்ணீர் தெளித்த கிடாய்கூட யோசித்துத்தான் தலையை ஆட்டும். நான் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

இரண்டு வாரத்தில் கோடு வெளிறியது. துரை ஆமையை ஏந்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடி வந்தார். பிள்ளைக்குச் சீக்கு வந்த தகப்பன்கூட அவரிடம் தோற்றுப்போவான்.

"கோடு போகுது! கொழும்புலேருந்து ஆமை படிச்ச தொரை வர்றாரு! இது இருந்த எடத்துல என்ன மாறிச்சு?"

அடடா, கேட்டாரே ஒரு கேள்வி!

"பொம்பளைங்க வர்றதில்லைங்க, தொரை. அவங்க வந்து போய்க்கிட்டிருந்தாத்தான் கோடு நிக்குங்க."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. அன்றே பூட்டு கழன்றது. வெள்ளிக்கிழமை காளியம்மா வஞ்சனையில்லாமல் அப்பினாள்.

மறுநாள் கொழும்புத் துரை வந்தார். ஓட்டில் விரலைத் தேய்த்தார், மோந்தார், குடத்தோடு நின்ற காளியம்மாவின் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தார். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, எங்கள் துரையிடம் கிணற்றை இனி ஒருபோதும் பூட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

புதிதாகப் பேர் போட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆமை என்ன சாதி என்பதைத் துரைமார் எப்படியும் முடிவு செய்துகொள்ளட்டும். கிணறு யாருக்கு என்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.